விளக்கு மலையேறிய கதை

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியலை. இன்னைக்கும் சும்மா மொக்கை போடத்தான் வந்தேன். ஆனா எழுத ஆரம்பிச்சதும் அது வேற எங்கேயோ போயிடுச்சு, பொறுத்துக்குங்க.

2024 டிசம்பர் 1, ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, கடந்த கையோட நகராம அங்கேயே உட்கார்ந்துடுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. எங்க கள்ளக்குறிச்சி பக்கமும் ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. நான் சென்னையில. வீட்டுக்குப் போன் அடிச்சா ரொம்ப நேரம் கிடைக்கலை. சாயந்திரமா அம்மாவே கூப்பிட்டாங்க.

"கரண்டு போயி ஒரு நாளாச்சுடா. போன்ல சார்ஜ் இல்ல, சீக்கிரம் பேசு."

"வெளிச்சத்துக்கு என்னம்மா பண்றீங்க?"

"அதான் உங்கப்பா டார்ச்சை சொம்புல நிக்க வச்சிருக்காரே. சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கோம். வச்சிடறேன்."

வச்சுட்டாங்க. எனக்கு மட்டும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. டார்ச்சைச் சொம்புல நிக்க வைக்கிற வித்தை எங்க வீட்டுக்கு வந்த கதையும், அதை வச்சு நான் ஒருத்தன் மனசை நோகடிச்ச கதையும்தான் இந்தப் பதிவு. நடு நடுவுல கொஞ்சம் வரலாறும் வரும்.

அந்த ரெண்டு வருஷம்

2012, 2013ல தமிழ்நாட்டுல இருந்தவங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இல்லாதவங்களுக்காக: தேவைக்கும் கையில இருக்கிற மின்சாரத்துக்கும் நடுவுல சுமார் 4,000 மெகாவாட் வரைக்கும் பள்ளம். இது ஒரே நாள்ல வந்ததில்ல. 2008லயே மின்வெட்டு ஆரம்பிச்சாச்சு. அப்ப மின்சார அமைச்சரா இருந்த ஆற்காட்டாரை வச்சு ஊர் பூரா ஜோக் ஓடுச்சு. 2011ல ஆட்சி மாறிச்சு, இருட்டு மாறலை. 2012 பிப்ரவரி கடைசியில சென்னைக்கு 2 மணி நேரம், மத்த ஊருக்கெல்லாம் 4 மணி நேரம்னு கணக்குச் சொன்னாங்க. அது பேப்பர்ல. அந்த வருஷக் கடைசியில எங்க ஊர்ல கரண்டு எப்ப போகும்னு யாரும் கேக்கறதில்லை, எப்ப வரும்னுதான் கேப்போம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரி பூரா இதே கண்ணாமூச்சி.

கள்ளக்குறிச்சி அப்ப விழுப்புரம் மாவட்டத்துல இருந்துச்சு. தனி மாவட்டமா ஆனது 2019ல. எனக்கு 2013 மார்ச்சுல பத்தாங்கிளாஸ் பரிட்சை. வீட்ல இன்வெர்ட்டர் கிடையாது. கடைவீதியில இன்வெர்ட்டர் வாங்க டோக்கன் போட்டு நின்ன காலம் அது. விலையைக் கேட்டுட்டு அப்பா பேசாம வீட்டுக்கு வந்துட்டாரு.

வீட்ல இருந்தது அப்பாவோட டார்ச்சு மட்டும்தான். அது ஒண்ணும் அழகுக்கு வாங்கினதில்ல. கரும்புக்குத் தண்ணி பாய்ச்ச மூணு பேஸ் கரண்டு வேணும். அது முறை வச்சுத்தான் வரும், பாதி நாள் ராத்திரியில வரும். அப்ப எழுந்திரிச்சுக் கொட்டாய்க்குப் போகணும். வரப்புல பாம்பு கிடக்கும். பழைய மூணு கட்டை டார்ச்சு பத்தலைன்னு, சார்ஜ் போடுற எல்.இ.டி. டார்ச்சு ஒண்ணு சந்தையில வாங்கிட்டு வந்தாரு. வெளியில அடிச்சா எதிர்த்த தெரு வேப்பமரத்துல உட்கார்ந்திருக்கிற காக்கா கண்ணு தெரியும். வீட்டுக்குள்ள அடிச்சா? சுவத்துல ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்துட்டுப் புஸ்தகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. புஸ்தகத்து மேலயே அடிச்சா பக்கம் பளபளன்னு கண்ணைக் குத்தும், பக்கத்துல இருக்கிற பேனா கைக்கு அகப்படாது.

வித்தையைக் கண்டுபிடிச்சது எங்க ஆயா. கண்டுபிடிக்கணும்னு கண்டுபிடிக்கலை. அருவாமனையில கத்திரிக்காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க, கரண்டு போச்சு. டார்ச்சைக் கீழ வச்சா உருளுது. எரிச்சலாகி, பக்கத்துல இருந்த பித்தளைச் சொம்புக்குள்ள அதை நட்டமா சொருகிட்டாங்க. வெளிச்சம் நேரா மேல போச்சு. சுண்ணாம்பு அடிச்ச தளம் பூரா வெளுத்து, கூடம் முழுக்க நிலா காயற மாதிரி ஒரு வெளிச்சம். எல்லாரும் மேல பார்த்தோம். ஆயா மட்டும் கத்திரிக்காயைப் பார்த்துக்கிட்டு, "இப்ப எல்லாருக்கும் தெரியுதில்ல" அப்படின்னாங்க.

டார்ச்சோட பூர்வீகம்

டார்ச்சு வீட்டுக்கு வெளிச்சம் தர்றதுக்காகப் பொறந்த பொருள் இல்லை. இப்ப நாம கையில புடிக்கிற குழாய் வடிவத்துக்கு டேவிட் மிசெல் என்கிறவர் 1899 ஜனவரியில அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினார். அதை வித்தது கான்ராட் ஹ்யூபர்ட்டோட கம்பெனி. ஆரம்பத்துல நியூயார்க் போலீஸ்காரங்களுக்குத்தான் கொடுத்துப் பார்த்தாங்க. அந்தக் காலத்து பேட்டரி தொடர்ந்து எரியத் தாங்காது. கார்பன் இழை பல்பு அதை மடமடன்னு குடிச்சிடும். ஒரு நிமிஷம் அடிச்சுட்டு அணைச்சு, பேட்டரிக்கு மூச்சு விடக் கொடுத்து, மறுபடி அடிக்கணும். இங்கிலீஷ்ல அதுக்கு 'ஃப்ளாஷ் லைட்'னு பேர் வந்ததே இதனாலதான். பளிச்சுன்னு ஒரு மின்னல், அவ்வளவுதான் அதோட வேலை. 1910 வாக்குல டங்ஸ்டன் இழை வந்தப்புறம்தான் கொஞ்சம் நின்னு எரிய ஆரம்பிச்சுது.

நம்ம ஊருக்கு இதைக் கொண்டு வந்தது எவரெடி. இந்தியாவுல 1934ல கம்பெனியா பதிஞ்சு, 1939ல கல்கத்தாவுல பேட்டரி ஃபேக்டரி, 1952ல சென்னையில திருவொற்றியூர்ல ஒண்ணு, 1958ல லக்னோவுல டார்ச்சுக்குன்னே தனி ஃபேக்டரி. அடுத்த வருஷம் கம்பெனிக்கு 'யூனியன் கார்பைடு இந்தியா'ன்னு பேரு மாறிச்சு. ஆமா, 1984 டிசம்பர்ல போபால்ல விஷவாயு கசிஞ்ச அதே யூனியன் கார்பைடு. இந்தியக் கிராமங்கள் ராத்திரி வரப்புல நடந்ததும் அந்தக் கம்பெனி வெளிச்சத்துலதான். அதுக்கப்புறம் 1990கள்ல கை மாறி எவரெடிங்கிற பேரே திரும்பி வந்துச்சு.

எங்க பக்கம் யாரும் டார்ச்சுன்னு சொல்ல மாட்டாங்க. பேட்டரி லைட்டு. ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு, வசதியானவங்கன்னா அஞ்சு கட்டை லைட்டு. கட்டை தீர்ந்து போனா மாடியில வெயில்ல காய வச்சு, ஒரு ராத்திரிக்கு மறுபடி ஓட்டுவாங்க. சூட்டுல உள்ளே இருக்கிற ரசாயனம் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், அதான் விஷயம். அதுல புது உசுரெல்லாம் வராது.

அந்த ரெண்டு கட்டை லைட்டோட மொத்த வெளிச்சம் பத்துப் பதினஞ்சு லூமென். ஒரு மெழுகுவத்தியும் அவ்வளவுதான் தரும். ஆனா டார்ச்சு அத்தனையையும் ஒரே பக்கம் குவிச்சு அனுப்பும், அதனால தூரம் போகும். இதைச் சொம்புல நட்டமா நிக்க வச்சிருந்தா? தளத்துல மங்கலா ஒரு மஞ்சள் ரூபாய்க் காசு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான். எங்க ஆயாவோட வித்தை அவங்க அம்மா காலத்துல பலிச்சிருக்காது. அதுக்கு நீல எல்.இ.டி. வரணும். 1990களோட ஆரம்பத்துல ஜப்பான்ல அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேரும் அதை நடத்திக் காட்டினதாலதான் வெள்ளை எல்.இ.டி. சாத்தியமாச்சு. 2014ல அவங்களுக்கு இயற்பியல் நோபல் கொடுத்தாங்க.

அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள என்ன இருந்துச்சு?

அகல் விளக்கு, சிம்னி, அரிக்கேன், கல்யாணம் காட்சின்னா பெட்ரோமாக்ஸ். பெட்ரோமாக்ஸ்னாலே 'வைதேகி காத்திருந்தாள்' படத்துல கவுண்டமணி கடையும், செந்தில் கை வச்ச மேண்டிலும்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்த மேண்டிலுக்குள்ள ஒரு தமிழ்நாட்டு சமாச்சாரம் இருக்கு. அது வெள்ளையா ஜொலிக்கிறதுக்குக் காரணம் அதுல ஊறின தோரியம். தோரியம் மோனசைட் மண்ணுல கிடைக்கும். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துட்டு, மூலத்தைத் தேடி மணவாளக்குறிச்சி கடற்கரைக்கே வந்துட்டார். இன்னைக்கு அது கன்னியாகுமரி மாவட்டம். அந்த மண்ணு மேண்டில் செய்யறதுக்குன்னே கப்பல்ல போச்சு. ஐரோப்பா தெருவிளக்கு எரிஞ்சதுல நம்ம கடற்கரை மண்ணுக்கும் பங்கு உண்டு.

கரண்டு நம்ம பக்கம் வந்ததும் தாமதமாத்தான். பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. 1957ல மின்சார வாரியம் வந்துச்சு. காமராஜர் காலத்துல கிராமங்களுக்குக் கம்பம் வேகமா நட்டாங்க. அப்புறம் குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டம். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு 40 வாட் பல்பு. அந்த ஒத்தை பல்பு சுமார் 400 லூமென். முப்பது மெழுகுவத்திக்குச் சமம். இன்னைக்கு நாம அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்போம், சிம்னியில படிச்சவனுக்கு அது பகல்.

இதெல்லாம் போய், கரண்டும் இல்லாம பேட்டரியும் இல்லாம இருந்த ஊரும் உண்டு. 1990ல போர் மறுபடி ஆரம்பிச்சதும் யாழ்ப்பாணத்துல மின்சாரம் நின்னுச்சு. நாள் கணக்கு இல்ல, வருஷக் கணக்கு. டார்ச்சு பேட்டரியை உள்ளே கொண்டு போகவும் தடை. மண்ணெண்ணெய் விலையோ ஏறிக்கிட்டே போச்சு. அங்க ஜனங்க ஜாம் போத்தல்ல பஞ்சும் திரியும் வச்சு, துளித்துளியா எண்ணெய் குடிக்கிற ஒரு குட்டி விளக்கைச் செஞ்சாங்க. அதுல படிச்சுப் பரிட்சை எழுதின தலைமுறை ஒண்ணு இன்னைக்கு உலகம் பூரா இருக்கு. அதே இலங்கையில 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தப்ப, கொழும்புல எல்லாரும் கையில போன் டார்ச்சோட உட்கார்ந்திருந்தாங்க.

சரி, சொந்தக் கதைக்கு வர்றேன்.

லைட்டு மலையேறிடுச்சாடா?

என் கூடப் படிச்சவன் ஒருத்தன் கல்வராயன் மலைக்காரன். ஊர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சான். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வருவான். ஒரு நாள் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது கரண்டு போச்சு. ஆயா சொம்பைத் தூக்கிட்டு வந்து நடுவுல வச்சாங்க. அவன் வாயைத் திறந்தபடி மேலயே பார்த்தான். சாப்பிட்டுப் போகும்போது அப்பாகிட்ட, "மாமா, இது எங்க வாங்கினீங்க, எவ்வளவு?"ன்னு கேட்டான்.

பொங்கலுக்கு முன்னாடி சேர்த்து வச்ச காசுல அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டான். வீட்ல அவன் தங்கச்சியும் படிக்குது, ரெண்டு பேருக்கும் ஆகும்னு சொன்னான். ஹாஸ்டல்லயே சார்ஜ் ஏத்தி எடுத்துக்கிட்டு, கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ் ஏறிப் போனான்.

லீவு முடிஞ்சு வந்தான். "எங்க வீட்ல அது வேலை செய்யலடா" அப்படின்னான்.

"சார்ஜ் போட்டியா?"

"போட்டேன்."

"நேரா நிக்க வச்சியா?"

"வச்சேன்டா. மேலதான் எரியுது. கீழ வரவே இல்ல."

கிளாஸ்ல பத்துப் பேரு சுத்தி நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் பெரிய புத்திசாலி மாதிரி, "அப்ப லைட்டு மலையேறிடுச்சாடா?"ன்னு கேட்டேன். விளக்கு அணைஞ்சா மலையேறிடுச்சுன்னுதான் வீட்ல சொல்லுவாங்க, இவனும் மலைக்காரன், ரெண்டும் பொருந்திச்சு. கிளாஸே சிரிச்சுது. அன்னையில இருந்து பரிட்சை முடியற வரைக்கும் அவனுக்கு அதான் பேரு. அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பரிட்சை முடிஞ்சு மே மாசம் அவன் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடை. வீட்டுக்குள்ள நுழைஞ்சு நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

தளமே இல்லை. மூங்கில் சட்டம், அது மேல புல்லுக் கூரை. உள்ளேயே அடுப்பு. எத்தனையோ வருஷத்துப் புகை ஏறி, உள்பக்கம் அட்டக்கரியா இருக்கு. சரிவா ஏறி உச்சி எங்கேயோ இருட்டுல போய் முடியுது. வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச தளம் தன் மேல விழற வெளிச்சத்துல நூத்துக்கு எண்பது வரைக்கும் திருப்பிக் கொடுக்கும். கரி படிஞ்ச கூரை கொடுக்கிறது கைவிரல்ல எண்ணிடலாம். டார்ச்சு ஒழுங்காத்தான் எரிஞ்சிருக்கு. அத்தனை வெளிச்சத்தையும் கூரை முழுங்கிடுச்சு. அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை: மேலதான் எரியுது, கீழ வரலை.

எங்க வீட்ல வெளிச்சம் தந்தது டார்ச்சு மட்டும் இல்லை, பாதிக்கு மேல எங்க வீட்டுத் தளம். தலைக்கு மேல கான்கிரீட்டும் சுண்ணாம்பும் இருக்கிறது எனக்குத் தெரியவே இல்லை, அது எப்பவும் அங்கேயே இருந்ததால.

"அப்புறம் எப்படிடா படிச்ச?"ன்னு கேட்டேன். அவங்க அம்மா சிரிச்சுக்கிட்டே மூங்கில்ல சுருட்டிக் கட்டியிருந்த துணியை அவுத்து விட்டாங்க. அவங்க அப்பாவோட வெள்ளை வேட்டி. நாலு முனையையும் சட்டத்துல கயிறு போட்டு இழுத்துக் கட்டினா கூரைக்குக் கீழ ஒரு விதானம். அதுக்கு நேர் கீழ மரப்படியில டார்ச்சு. பட்டப்பகல்லயே கதவைச் சாத்திட்டு எரிய விட்டுக் காட்டினான். எங்க வீட்டுக் கூடம் அளவுக்கு இல்லை. ஆனா ரெண்டு பேரு உட்கார்ந்து படிக்கத் தாராளம்.

நம்ம ஊர்ல சடங்குன்னா வெள்ளைத் துணியில மேற்கட்டி கட்டறது காலங்காலமா இருக்கிற வழக்கம். அந்த அம்மாவுக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கு. படிக்காதவங்க. லீவு முடிஞ்சு கிளம்பறதுக்கு முந்தின நாளே கட்டிக் கொடுத்துட்டாங்களாம். நான் கிளாஸ்ல சிரிச்சப்ப அவன் அதைச் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீ எங்கடா கேட்ட?"ன்னான்.

மேல இருக்கிற இருட்டு எவ்வளவு பழசு?

கல்வராயன் மலை நம்ம ஊர்ல இருந்து பார்த்தா தெரியும். கோமுகி டேமுக்குப் போனா கைக்கு எட்டற மாதிரி நிக்கும். ஆனா அது ரொம்ப நாள் வேற நாடு மாதிரிதான் இருந்திருக்கு. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன்னு மூணு ஜாகீர். விஜயநகர காலத்துல கொடுத்த மானியம்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் வந்தும் ஜாகீர் போகலை, சுதந்திரம் வந்தும் போகலை. மலையாளி சனங்க ஜாகீர்தாருக்கு வரியும் கட்டி, கூலி இல்லாம வேலையும் செஞ்சாங்க. 1963ல இனாம் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. நிஜமா மலை அரசாங்கம் கைக்கு வந்தது 1976ல. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பைக்காராவுல டர்பைன் சுத்தி 44 வருஷம் கழிச்சுத்தான் இந்த மலையில ஜாகீரே முடிஞ்சிருக்கு. கம்பம், ரோடு, பள்ளிக்கூடம் எல்லாம் மத்த ஊரு நடந்து முடிச்ச பாதையில பின்னாடி வந்ததுதான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து கல்வராயன் மலை ஜனங்களோட வாழ்க்கை நிலையை விசாரிச்சுது. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லைன்னு அப்ப பேப்பர்ல வந்ததைப் படிச்சிட்டு என் ஆபீஸ்ல ஒருத்தன், "உங்க ஊரு பக்கத்துலயா?"ன்னு ஆச்சரியப்பட்டான். பக்கத்துலதான். டார்ச்சு அடிக்கிற பக்கம்தானே தெரியும்.

2012ல சென்னைக்கு 2 மணி, எங்களுக்கு 4 மணின்னு நாங்க ரோட்டை மறிச்சோம். மலைக்கு எத்தனை மணின்னு எங்களுக்கும் கேக்கத் தோணலை.

அந்த இருட்டு 2014, 2015ல மெதுவா விலகிச்சு. மேட்டூர்லயும் வடசென்னையிலயும் புது அனல் மின் நிலையம், 2013 அக்டோபர்ல கூடங்குளம் முதல் யூனிட், அந்த வருஷக் கடைசி நாள்ல தென்னிந்திய கிரிட்டை நாட்டோட மத்த கிரிட்டோட இணைச்சது, எல்லாம் சேர்ந்துதான். இப்ப கரண்டு போறது பெரும்பாலும் புயலாலயோ மழையாலயோ.

கடைசியா கொஞ்சம் கணக்கு (எஞ்சினியர் ஆச்சே!)

இப்ப விக்கிற டார்ச்சுல 18650ன்னு ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம். 3000 மில்லி ஆம்பியர்-மணின்னா உள்ளே சுமார் 11 வாட்-மணி இருக்கு. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தரும்னு வச்சுக்குங்க. 1000 லூமென்ல விட்டா ஒரு மணி நேரம். 300 லூமென்ல விட்டா மூணரை மணி நேரம். பெட்டி மேல போட்டிருக்கிற பெரிய நம்பரை நம்பாதீங்க, சூடு ஏறினதும் சில நிமிஷத்துல அது தானா குறைச்சுக்கும். பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல வெள்ளைத் தளம் இருந்தா, 300 லூமென் சாப்பிட, பேச, நடமாடப் போதும். படிக்கணும்னா கூட்டிக்குங்க.

டார்ச்சை ஃபேனுக்கு நேர் கீழ வைக்காதீங்க. றெக்கை நிழல் தளம் பூரா விழும். கரண்டு வந்து ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் வீடே டிஸ்கோ ஆகிடும். மூலையில, சுவரை ஒட்டி வச்சா சுவரும் சேர்ந்து வெளிச்சம் கொடுக்கும். தளம் வெள்ளையா இல்லையா? காலியான வெள்ளை எண்ணெய் கேனுக்குள்ள குறைஞ்ச வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, கேனே விளக்காகிடும். போன் டார்ச்சு மேல தண்ணி பாட்டில் வச்சாலும் கொஞ்சம் பரவும். ஆல்ஃப்ரெடோ மோசர்னு பிரேசில்ல ஒரு மெக்கானிக், 2002 வாக்குல அங்க மின்வெட்டு வந்தப்ப, தண்ணி நிரப்பின பாட்டிலைக் கூரையில சொருகிப் பகல் வெளிச்சத்தை வீட்டுக்குள்ள இறக்கினார். அதுவும் இதே தத்துவம்தான். வேட்டி கட்டறதா இருந்தா கீழ டார்ச்சு மட்டும்தான், சிம்னி வச்சுடாதீங்க.

ஃபெஞ்சல் ஓஞ்சு நாலாம் நாள் அவனுக்குப் போன் கிடைச்சுது. ஊர்லதான் இருக்கான், மரவள்ளி போட்டிருக்கான், ஒரு பிக்கப் வண்டி ஓட்டறான். இப்ப தளம் போட்ட வீடு. நான் பெருமையா, "டார்ச்சை மேல பார்த்து வச்சியாடா?"ன்னு கேட்டேன்.

"எங்கடா வச்சோம்? பக்கத்து வீட்டுக் கிழவிக்கு மூச்சு வாங்குதுன்னு ராத்திரியில டோலி கட்டித் தூக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தோம். பாதையில மண்ணு சரிஞ்சு கிடக்கு. டார்ச்சு முன்னாடி போச்சு, நாங்க பின்னாடி."

"அந்தம்மா?"

"இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவனே, "லைட்டு மலையேறலைடா, இறங்குச்சு" அப்படின்னான். பன்னெண்டு வருஷமா அதை மனசுல வச்சிருந்திருக்கான்.

நான் மன்னிப்பு கேட்டேன். ரொம்ப லேட்டுதான். "போடா வேலையைப் பாரு"ன்னு வச்சுட்டான்.

டிஸ்கி: அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவனுக்கு ஒரு நல்ல டார்ச்சு வாங்கிட்டுப் போறேன். தூரமா அடிக்கிறது. வீட்டுக்கு வெளிச்சம் அவன் பார்த்துக்குவான்.